உதறாத துண்டு

மயிலாத்தாள் செத்துப்போன பதினாறாம் நாள், கருமாதி முடிந்து பந்தல் பிரிப்பதற்குள், அவள் இல்லாததைக் கொண்டுபோய்க் காரின் பிரேக் செர்வோவில் ஏற்றினார்கள். பூசாரிக்கோம்பையில் அதுதான் வழக்கம்.

செர்வோ என்றால் பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை. பிரேக் பெடலுக்கு முன்னால், என்ஜின் பக்கமாக, இட்லிக் குண்டானைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஓர் இரும்புக் குடுவை. உள்ளே நடுவில் ஒரு ரப்பர் தட்டு. தட்டுக்கு ஒரு பக்கம் காற்று இருக்க வேண்டும், மறுபக்கம் எதுவும் இருக்கக் கூடாது. எதுவும் இல்லாத பக்கம் இழுக்கும். அந்த இழுப்பில்தான் மனிதன் லேசாகக் கால் வைத்தால் அத்தனை பெரிய இரும்பு நிற்கிறது. கீழே சமவெளியில் இந்த வெறுமையை என்ஜினிலிருந்தே உறிஞ்சிக்கொள்கிறார்கள். பூசாரிக்கோம்பையிலிருந்து இறங்குகிற பாதையில் பன்னிரண்டு கொண்டை ஊசி வளைவுகள். என்ஜின் தருகிற வெறுமை மூன்றாவது வளைவிலேயே தீர்ந்துவிடும். ஆகவே வீட்டிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். வீட்டில் யாராவது இல்லாமல் இருந்தால்தான் அந்த வீட்டு வண்டிக்குப் பிரேக் பிடிக்கும். எல்லோரும் இருக்கிற வீட்டுக்காரர்கள் நடந்து இறங்கினார்கள்.

மயிலாத்தாளின் புருஷன் நாச்சிமுத்து அதுவரை தன் அப்பன் இல்லாததை வைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வருடத்தில் அது தேய்ந்து நைந்துபோயிருந்தது.

அவர் மாட்டுத் தரகர். ஒன்பது வயதில் சந்தையில் சாணி அள்ளப் போனவர். யாரும் சொல்லித்தரவில்லை, அடிபட்டு, ஏமாந்து, பிறகு ஏமாற்றிக் கற்றுக்கொண்டது எல்லாம். அந்தப் பெரிய கறுப்புக் காரை, அறுபத்துமூன்றாம் வருடத்து வண்டியை, ஓர் எஸ்டேட்காரரிடம் ஒரு ஜோடி காங்கயம் காளையும் ஒரு பசுவும் கொடுத்து மாற்றிக்கொண்டார். பசு உதைக்கும் என்று இவர் சொல்லவில்லை. பின்கதவு உள்ளிருந்து திறக்காது என்று அவர் சொல்லவில்லை.

பத்து மாதம் பிரேக் ஒழுங்காகப் பிடித்தது. அதற்குப் பிறகு கசிய ஆரம்பித்தது.

திங்கட்கிழமை காலையில் அவர் காரை உருட்டாத குறையாக ஜெசிந்தாவின் பட்டறையில் கொண்டுவந்து விட்டார். பிரேக் வேலைக்கு மலைமேல் அவள் ஒருத்திதான். கையில் கிரீஸ் படிந்த நாற்பது வயதுப் பெண். ஒரு மொபெட் வைத்திருந்தாள். அவள் புருஷன் ஐந்து வருடம் முன்பு யாருடனோ ஓடிப்போனதில் அந்த மொபெட்டுக்கு அருமையான பிரேக்.

"எத்தன நாளாங்ண்ணா?" என்றாள்.

"போன அமாவாசையிலருந்து. கால வெச்சா கல்லாட்டம் நிக்குது. உஸ்ஸு உஸ்ஸுன்னு சத்தம்."

"சத்தம் மட்டுந்தானா, ஆளும் வருதுங்களா?"

"இருமறா. பக்கத்து சீட்டு குழியுது. நேத்து வேப்பெண்ண வாசம் அடிச்சுது."

"அக்கா வேப்பெண்ண தேய்ப்பாங்களா?"

"முட்டிக்கு."

ஜெசிந்தா தலையாட்டிக்கொண்டு பானெட்டைத் தூக்கினாள். நாச்சிமுத்துவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"ஏம்மா, என்ன லட்சணத்துல ஏத்துன நீ? பத்து மாசம் தாங்கல. எங்கிட்ட மாடு புடிச்சவன் பத்து மாசத்துல கன்னுக்குட்டியே பாத்துருப்பான்!"

"கத்தாதீங்ண்ணா. வால்வு அதுருது."

"வெள்ளிக்கெழம எம்பொண்ணுக்குத் தேதி குடுத்திருக்காங்க. கீழ ஆஸ்பத்திரிக்கு எறங்கியாவணும். நீ என்ன பண்ணுவியோ எனக்குத் தெரியாது."

மகள் சுகந்தி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவள் புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை, சனிக்கிழமையானால் வந்துவிடுவான்.

"மாப்ள இல்லாதத ஏத்திப் பாக்கலாமுங்களா?" என்று ஜெசிந்தா கேட்டாள். கேட்டுவிட்டு அவளே, "வாராவாரம் வர்றவரு. ரெண்டு வளைவுக்கு மேல தாங்காது," என்று சொல்லிக்கொண்டாள்.

பிறகு முறைப்படி பார்த்தாள். என்ஜினை நிறுத்திவிட்டு பெடலை ஐந்து முறை மிதிக்கச் சொன்னாள். மிதித்த காலை எடுக்காமல் என்ஜினைக் கிளப்பச் சொன்னாள். நல்ல செர்வோவாக இருந்தால் அப்போது பெடல் காலுக்குக் கீழே கொஞ்சம் அமுங்க வேண்டும். அமுங்கவில்லை. சோப்புத் தண்ணீரைக் கரைத்து ஓஸ் பைப் முழுக்கத் தடவினாள். எங்கே கசிகிறதோ அங்கே குமிழ் விடும். ஒரு குமிழ்கூட இல்லை. ஒருவழி வால்வைக் கழற்றி வாயில் வைத்து ஊதினாள். போகிற காற்று போனது, வருகிற காற்று வரவில்லை. சரியாகவே இருந்தது. கடைசியில் குடுவையையே பிரித்தாள். ரப்பர் தட்டில் கீறல் இல்லை. உள்ளே ஒரு சொட்டு பிரேக் ஆயில் இல்லை. அடியில் ஒரே ஒரு நரைமுடி கிடந்தது. அதை எடுத்து ஸ்பேனர் பெட்டியின் மூடியில் பத்திரமாக வைத்தாள்.

"வண்டில ஒண்ணுமே இல்லீங்ண்ணா."

"அப்பறம் எங்கிருந்து ஒழுகுது, என் தலைலருந்தா?"

ஜெசிந்தா எல்லாவற்றையும் மாட்டி, ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையைக் காருக்கு வெளியே நீட்டினாள். அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பினாள். பிறகு, நாய் மோப்பம் பிடிப்பது போல, குழாயைப் பிடித்தபடியே ரோட்டில் ஏறி நடந்தாள். நாச்சிமுத்து பின்னால் போனார். தபாலாபீஸைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, நேராக அவர் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"உங்கூட்லதான் ஒழுகுது," என்றாள். "பதினாறாம் நாளு எதையாச்சும் எடுத்து ஒளிச்சு வெச்சீங்களா?"

"நானா? என்னப் பாத்தா ஒளிச்சு வெக்கறவனாட்டத் தெரியுதா?"

"தெரியுதுங்ண்ணா."

இல்லாமையை ஏற்றும்போது முழுதாக ஏற்ற வேண்டும். புடவைகளைக் கொடுத்துவிட வேண்டும், பல்குச்சியைத் தூக்கிப் போட வேண்டும், கட்டிலின் அந்தப் பக்கத்தில் மூட்டை எதையாவது வைத்துவிட வேண்டும். எல்லாம் செய்திருந்தது. ஜெசிந்தா சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷுமாக வீடு முழுக்கப் போனாள். அஞ்சறைப் பெட்டியில் தடவினாள். ஆட்டுக்கல்லில் தடவினாள். கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த பொட்டில் தடவினாள். குமிழ் வரவில்லை. சுகந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் இடமாகக் காட்டிக்கொண்டிருந்தாள்.

அலமாரியின் மேல்தட்டில் நாலாக மடித்த ஒரு சிவப்புக்கரைத் துண்டு இருந்தது. பிரஷ் பட்டதும் அது சோறு கொதிப்பது போலப் பொரிந்தது.

"அதுல கைய வெக்காத!" என்று நாச்சிமுத்து கத்தினார்.

"இது தரகுத் துண்டு தானுங்களே?"

"ஆமா."

"உதறாம மடிச்சு வெச்சிருக்கீங்க."

நாச்சிமுத்துவுக்குக் காது மடல் சிவந்துவிட்டது.

மாட்டுச் சந்தையில் வாயால் விலை பேசுவதில்லை. துண்டைப் போட்டு மூடி, அதற்குள் கை கோத்து, விரலைப் பிடித்துப் பேசுவார்கள். எத்தனை விரலைப் பிடிக்கிறார்களோ அத்தனை. ஒருவர் இறங்கினால் மற்றவர் ஏற வேண்டும், அது மரியாதை. முடிந்தால் கையை இரண்டு முறை குலுக்குவார்கள். முடியாவிட்டால் துண்டை நன்றாக உதறித் தோளில் போட்டுக்கொண்டு போவார்கள். உதறாமல் மடித்தால் பேரம் உள்ளேயே உயிரோடு இருக்கும். இன்னொன்றும் உண்டு. கையை முட்டியாக மூடிக் காட்டினால் எனக்கு எதுவும் வேண்டாம், சும்மா கொண்டு போ என்று அர்த்தம். நாற்பது வருடத் தொழிலில் நாச்சிமுத்து ஒருமுறைகூட முட்டி காட்டியதில்லை.

கல்யாணமான புதிதில் புருஷனும் பெண்டாட்டியும் வாயால் பேசினாலே சண்டை வந்தது. அவர் போடுகிற சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கோழி முட்டையிட மறுத்தது. ஒருநாள் மயிலாத்தாளே துண்டை எடுத்து நடுவில் போட்டாள். அன்றிலிருந்து வீட்டில் எதுவானாலும் துண்டுக்குள்தான். சினிமாவுக்கு எத்தனை பேர், மாமியார் வீட்டில் எத்தனை நாள், சுகந்தி எத்தனை வகுப்பு வரை. சந்தையில் யாரிடமும் தோற்காத மனிதர் அவளிடம் பாதிக்குப் பாதி தோற்றார்.

கடைசி நாளில் அவள் படுத்துக்கொண்டே கை நீட்டினாள். அவர் துண்டைப் போட்டார். அவள் மூன்று விரலைப் பிடித்தாள். இன்னும் மூன்று நாள் இருக்கிறேன் என்று அர்த்தம். அவர் ஐந்து விரலை இரண்டு முறை பிடித்தார். பத்து. அவள் மறுபடி மூன்று என்றாள். இவர் மறுபடி பத்து என்றார். சாயங்காலம் நாலேகாலுக்கு, இரண்டு பேருமே இறங்காமல், அவள் கை குளிர்ந்துபோனது. அவர் துண்டை உதறவில்லை. மடித்து மேலே வைத்துவிட்டார்.

இதையெல்லாம் அவர் ஜெசிந்தாவிடம் சொல்லவில்லை. "பேரம் இன்னும் முடியல," என்று மட்டும் சொன்னார்.

ஜெசிந்தா துண்டின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மெதுவாக விட்டாள்.

"இனி உதற முடியாதுங்ண்ணா. உள்ள கை வந்துருச்சு. கை இருக்கற துண்ட உதறக் கூடாது. பேசித்தான் முடிக்கணும்."

"முடிச்சா?"

"எத்தன நாளுன்னு முடிக்கறீங்களோ அத்தன நாளு அக்கா முழுசா வந்து இருப்பாங்க. இருக்கற நாள்ல பிரேக் இருக்காது. போனப்பறம் நல்லாப் புடிக்கும். இத்தன நாளு நீங்க ஓட்டுனது அர இல்லாமதானுங்க. முழு இல்லாம எப்படிப் புடிக்கும்னு நீங்க பாக்கவே இல்ல." அவள் விரல் விட்டு எண்ணினாள். "இன்னிக்குத் திங்கள். இப்பவே மூணுல முடிச்சீங்கன்னா வியாழன் காலைல கெளம்பிருவாங்க. வெள்ளிக்கெழம தாராளமா எறங்கலாம்."

நாச்சிமுத்து காரை வீட்டுக் கொட்டகையில் கொண்டுவந்து நிறுத்தி, முன்சீட்டில் உட்கார்ந்து, பக்கத்தில் துண்டை விரித்தார். விரித்ததும் துண்டு நடுவில் மேடானது. உள்ளே கைவிட்டார். மணிக்கட்டு வரைக்கும் இருந்தது. வலது கை. மாட்டுக்குச் சோளத்தட்டை வெட்டுகிற கத்தி பட்ட தழும்பு கட்டைவிரலில் இருந்தது. சூடாக இருந்தது.

கை அவருடைய மூன்று விரலைப் பிடித்தது.

அவருக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. ஆனால் நாற்பது வருடப் பழக்கம். முதல் விலைக்கு ஒத்துக்கொள்கிறவன் தரகனே இல்லை. அவர் ஐந்தை இரண்டு முறை பிடித்தார்.

மதியம் சுகந்தி சோற்றுத் தட்டை ஜன்னல் வழியாகக் கொடுத்தாள்.

"அம்மா என்னங்கறாங்கப்பா?"

"மூணுலயே நிக்கறா."

"நீங்க?"

"பத்து."

"மூணுன்னா மூணு, வாங்கிக்கங்கப்பா. வந்து மூணு நாளு இருக்கட்டும். எனக்கு ஒரு மொளகு ரசம் வெச்சுக் குடுக்கட்டும்."

"பேரம் பேசறப்ப குறுக்க பேசாத!"

சுகந்தி உள்ளே போனாள். துண்டுக்குள் கை கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது. அவர் கத்தினால் அது எப்போதும் அப்படித்தான்.

செவ்வாய்க்கிழமை அவர் ஒன்பதுக்கு இறங்கினார். கை மூன்றிலேயே நின்றது. புதன்கிழமை ரொம்ப யோசித்து எட்டுக்கு இறங்கினார். நீ மட்டும் இறங்கினால் போதுமா, இறங்குவதில் ஒரு மனசு வேண்டாமா என்கிற மாதிரி கை மூன்றையே பிடித்தது. ஜெசிந்தா வந்து கொட்டகை வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

"ண்ணா, மூணுல முடிச்சாக்கூட இனிமே வெள்ளிக்கெழமைக்கு ஆவாது."

"அவ ஏறி வருவா. எனக்குத் தெரியும் அவள. ஏறி வரட்டும், வெள்ளிக்கெழம போயிட்டு வந்து முடிச்சுக்கறேன்."

"பிரேக் இல்லாம எப்படிப் போவீங்க?"

"அத வெள்ளிக்கெழம பாக்கலாம் போ!"

வெள்ளிக்கிழமை வரவில்லை. வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு சுகந்திக்குப் பனிக்குடம் உடைந்தது.

கீழேயிருந்து ஆம்புலன்ஸ் கூப்பிட முடியாது. அந்த ஆம்புலன்ஸ் டிரைவர் வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். அதனால் அவர் மலையேறுவதில்லை. நடந்து இறங்க நாலு மணி நேரம். சுகந்தியால் வாசற்படி இறங்க முடியவில்லை.

ஜெசிந்தா மொபெட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்து சுகந்தியைப் பின்சீட்டில் ஏற்றித் தானும் ஏறிக்கொண்டாள். நாச்சிமுத்து கதவை வெளியிலிருந்து சாத்திவிட்டு வந்து ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தார். பக்கத்து சீட்டில் துண்டு விரித்தபடியே இருந்தது.

"ரெண்டாவது கியர்லயே விடுங்க. வலது கையால ஹேண்ட் பிரேக்க விட்டு விட்டுப் புடிங்க," என்றாள் ஜெசிந்தா. "எடது கை சும்மாதான இருக்கும், பேசிக்கிட்டே போங்க."

முதல் வளைவில் அவர் பெடலின் மேல் எழுந்து நின்றார். கார் வேண்டாவெறுப்பாக வேகம் குறைத்தது. இரண்டாவது வளைவில் ஸ்டீயரிங்கை வயிற்றால் அணைத்துத் திருப்பினார். கை மூன்றைப் பிடித்தது. அவர் ஏழு என்றார். சுகந்தி பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். நாலாவது வளைவில் ஆறு. ஐந்தாவது வளைவில் ஹேண்ட் பிரேக்கிலிருந்து புகை வந்தது. ஆறாவது வளைவில் கேபிள் டிங்கென்று அறுந்தது.

"அப்பா," என்றாள் சுகந்தி.

நாச்சிமுத்து கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தார். வேர்த்துப்போய், உதட்டைக் கடித்து, அவள் அம்மாவைப் போலவே வலியை மூக்கால் விட்டுக்கொண்டிருந்தாள். அப்போது அவருக்குக் கணக்கு புரிந்தது. எந்த எண்ணில் முடித்தாலும் பிரேக் கிடையாது. மூன்றில் முடித்தால் மூன்று நாள் கழித்துப் பிடிக்கும். ஒன்றில் முடித்தால் நாளைக்குப் பிடிக்கும். அடுத்த வளைவு அரை பர்லாங்கில் இருந்தது.

அவர் துண்டுக்குள் கைவிட்டு இரண்டு விரலைப் பிடித்தார்.

அவள் கேட்டது மூன்று. அவர் இரண்டு என்கிறார். நாற்பது வருடத்தில் எந்தச் சந்தையிலும் அப்படி ஒரு பேரம் நடந்ததில்லை. கை திடுக்கிட்ட மாதிரி விலகியது. பிறகு, ஒருவர் இவ்வளவு இறங்கினால் மற்றவர் ஏறித்தானே ஆக வேண்டும், அவருடைய நாலு விரலைப் பிடித்தது.

"வேண்டாங்கறேன்," என்றார் நாச்சிமுத்து. ஒரு விரலைப் பிடித்தார்.

கை ஐந்தையும் சேர்த்துப் பிடித்தது. விட்டுவிட்டு மறுபடி ஐந்து. பத்து.

மூன்று நாளாக அவர் கொட்டகையில் உட்கார்ந்து, தின்னாமல் கொள்ளாமல், எதற்காக மல்லுக்கட்டினாரோ அந்தப் பத்து. பத்து மாதம் அலமாரி மேல் மடிந்து கிடந்த பத்து. ஏழாவது வளைவைக் கார் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டு கடந்தது. சுவரில் எழுதியிருந்த 'மெதுவாகச் செல்லவும்' பாதி உதிர்ந்தது. எட்டாவது வளைவில் ஒரு தேயிலை லாரி ஹாரன் அடித்துக்கொண்டே ஒதுங்கியது.

"ண்ணா, என்னங்கறாங்க?" என்று ஜெசிந்தா கத்தினாள்.

"பத்துங்கறா."

"நீங்க?"

நாச்சிமுத்து துண்டுக்குள் கையை முட்டியாக மூடினார்.

கைக்கு அது புரியவில்லை. அவர் அவளிடம் அதைக் காட்டியதே இல்லை. கட்டைவிரலால் முட்டியைத் தடவிப் பார்த்தது. ஒவ்வொரு விரலாகப் பிரிக்கப் பார்த்தது. ஒன்பது என்று பேசுவதற்கு விரல் கிடைக்கவில்லை. எட்டு என்பதற்குக் கிடைக்கவில்லை. ஒன்பதாவது வளைவில் அது சுண்டுவிரலை மட்டும் எப்படியோ நெம்பி எடுத்துப் பிடித்தது. ஒரு நாள். ஒரே ஒரு நாள். காலையில் வந்து, ஒரு ரசம் வைத்து, குழந்தையைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் போய்விடுகிறேன்.

அவர் சுண்டுவிரலை உருவி மறுபடி முட்டிக்குள் மடக்கிக்கொண்டார். "சும்மா போ, மயிலா," என்றார். வாயால். முப்பது வருடத்தில் அவர் அவளிடம் சத்தம் போடாமல் வாயால் பேசியது அதுதான்.

பத்தாவது வளைவு வந்தது. கை அவர் முட்டியை மேலிருந்து மூடிக்கொண்டது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தது. பிறகு இரண்டு முறை குலுக்கியது. பேரம் முடிந்தது.

துண்டு தட்டையாகப் படிந்தது. உஸ்ஸென்ற சத்தம் நின்றது. வேப்பெண்ணெய் வாசம் ஜன்னல் வழியாகப் போனது. அவர் காலுக்குக் கீழே பெடல் வெண்ணெய் மாதிரி அமுங்கியது. பதினொன்றாவது வளைவிலும் பன்னிரண்டாவது வளைவிலும் கார் சுகந்தியின் முனகல்கூட அதிராமல் திரும்பியது.

ஆஸ்பத்திரி வாசலும் சரிவுதான். போர்டிகோவைத் தாண்டி, வேப்பமரத்தடியில் நாச்சிமுத்து பிரேக்கை அழுத்தினார். அத்தனை அருமையாக நின்றது. ஜெசிந்தா ஜன்னல் வழியாகக் கைவிட்டுக் கதவைத் திறந்து, சுகந்தியைத் தாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நாச்சிமுத்து இறங்கவில்லை. பெடலின் மேல் கால் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். காலுக்குக் கீழே அந்த மெத்தென்ற இழுப்பு இருந்தது. அவள் இல்லாதது முழுசாக அதற்குள் இருந்தது. காலை எடுக்க அவருக்கு மனசு வரவில்லை.

கால்மணி நேரம் கழித்து வெள்ளைச் சேலை கட்டிய நர்ஸ் ஒருத்தி வெளியே வந்தாள். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு நேராகக் காரிடம் வந்தாள்.

"பிரேக்ல கால் வெச்சிருக்கறது நீங்கதானுங்களா?"

"ஆமா."

"கொஞ்சம் எடுங்க. கொழந்த எறங்க மாட்டேங்குது."

நாச்சிமுத்து நிமிர்ந்து பார்த்தார். போர்டிகோ ஓரத்துக் குழாயிலிருந்து விழுந்த தண்ணீர் வாளிக்கு இரண்டு விரல் அகலம் மேலே நின்றிருந்தது. வேப்பமரத்திலிருந்து உதிர்ந்த ஓர் இலை தரைக்கு மூன்று விரல் அகலம் மேலே அந்தரத்தில் நின்றது. இறங்கிக்கொண்டிருந்தது எல்லாமே நின்றிருந்தது.

"டிரிப் பாட்டில்ல ஒரு சொட்டு எறங்கல," என்றாள் நர்ஸ். "மாடியிலருந்து டாக்டரம்மா எறங்க முடியாம பாதிப் படில நிக்கறாங்க."

"எவ்வளவு எடுக்கணும்?"

"மூணு விரக்கடை," என்று மூன்று விரலைச் சேர்த்துப் படுக்கவைத்துக் காட்டினாள்.

"மூணெல்லாம் ஆவாதும்மா. ஒண்ணு."

"ஏனுங்க, ஒண்ணுல தல மட்டுந்தான் வரும்."

நாச்சிமுத்து பக்கத்து சீட்டிலிருந்து துண்டை எடுத்தார். ஜன்னல் வழியாக நீட்டி அதில் தன் கையை வைத்தார். நர்ஸ் ஊசி மருந்துத் தட்டைக் காரின் கூரைமேல் வைத்துவிட்டுத் துண்டுக்குள் கைவிட்டாள். அவளும் மாடு வளர்க்கிற வீட்டுப் பெண்தான் போலிருந்தது. நன்றாகவே பேசினாள். ஒன்றரையில் முடிந்தது. இரண்டு முறை குலுக்கினார்கள்.

அவர் காலை ஒன்றரை விரற்கடை தூக்கினார். வேப்பிலை ஒன்றரை விரற்கடை இறங்கி நின்றது. உள்ளேயிருந்து சுகந்தியின் குரல் வந்தது. நர்ஸ் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து மறுபடி கையை நீட்டினாள். அரை விரற்கடைக்கு முடிந்தது. தண்ணீர் வாளியைத் தொட்டது. டாக்டரம்மா படியிறங்கி ஓடினாள். மூன்றாவது முறை நர்ஸ் வந்தபோது அவள் கையில் ரத்தம் கழுவின ஈரம் இருந்தது. இன்னொரு அரை விரற்கடை.

நாலேகாலுக்குக் குழந்தை அழுதது. ஜெசிந்தா ஆஸ்பத்திரி ஜன்னலில் தலையை நீட்டி, "பொண்ணுங்ண்ணா," என்று சத்தமாகச் சொன்னாள். "ரெண்டு பேரும் நல்லாருக்காங்க."

நாச்சிமுத்து தலையாட்டினார். துண்டை எடுத்து வெளியே நீட்டி நன்றாக உதறினார். தோளில் போட்டுக்கொண்டார்.

மூன்று விரற்கடையில் அவர் இரண்டரைதான் கொடுத்திருந்தார். மீதி அரை விரற்கடைக்குப் பெடலின் மேல் கால் அப்படியே இருந்தது. நர்ஸ் அதைக் கேட்கவில்லை.

வேப்பிலை தரைக்கு அரை விரற்கடை மேலே நின்றது. சாயங்காலம் வாசல் கூட்ட வந்த பெண் அதற்குக் கீழே விளக்குமாற்றை விட்டுப் பெருக்கிவிட்டு, அடுத்த மரத்தடிக்குப் போனாள்.